பிரேக் ஹோஸ்: ரப்பரா, எஃகுப் பின்னலா?

காரின் பிரேக் பெடலை மிதிக்கும் பாதத்தின் விசை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேட்களைச் சென்றடைவதற்கு ஒரு நீர்மத்தையே நம்பியிருக்கிறது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து, பட்டறைகளில் பிரேக் ஆயில் எனப்படும் அந்நீர்மத்தை அழுத்துகிறது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதியின்படி, அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களிலும் உள்ள கேலிப்பர்களை, அதாவது பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் இடுக்கிகளை, ஒரே நேரத்தில் எட்டுகிறது. இவ்வழியின் பெரும்பகுதி காரின் அடித்தளத்தோடு பிணைக்கப்பட்ட, வளையாத உலோகக் குழாயால் ஆனது. சக்கரங்கள் மேடுபள்ளத்துக்கேற்ப ஏறி இறங்குவதாலும், முன்சக்கரங்கள் ஸ்டீயரிங்கோடு திரும்புவதாலும், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கடைசியாக வரும் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு மட்டும் வளைந்து கொடுக்கும் குழாய் தேவைப்படுகிறது. ஹோஸ் எனப்படுவது இந்தத் துண்டுதான்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் ரப்பர் லைனா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனா என்று பேசும்போது அவர்கள் குறிப்பதும் இந்தச் சிறு துண்டுகளையே தவிர, முழு நீளக் குழாய்களை அல்ல. எஃகு ஹோஸ் என்பதும் முழுக்க எஃகால் ஆனதன்று. குளியலறையில் வாஷ்பேசினுக்குக் கீழே பொருத்தப்படும் வெள்ளிநிறப் பின்னல் குழாயைப் போலவே, உள்ளே வேறொரு பொருளாலான குழாயும் அதைச் சுற்றி மெல்லிய கம்பிகளால் நெய்த உறையும் கொண்டது. வாங்குவோர் பலர் வெளியே தெரியும் கம்பியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் இரண்டு வகைகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு கம்பியில் பாதியும், கண்ணுக்குத் தெரியாத உட்குழாயில் பாதியுமாக இருக்கிறது.

நீர்ம பிரேக் முறையை 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் உருவாக்கியவர் மால்கம் லாக்ஹீட். 1921இல் விற்பனைக்கு வந்த டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைக் கொண்டிருந்தது. 1924இல் வந்த கிறைஸ்லர் கார், கசிவுக்கு இடம்தந்த பழைய தோல் அடைப்புகளை நீக்கி ரப்பர் அடைப்புகளைப் பயன்படுத்தி, அம்முறையைப் பரவலான விலைக்குக் கொண்டுவந்தது. அக்காலம் தொட்டே பிரேக்கும் ரப்பரும் பிரியாத உறவு கொண்டவை என்றாலும், இன்றைய ஹோஸில் உள்ள ரப்பர் மரத்திலிருந்து வடியும் ரப்பர் அன்று. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலால் பாதிக்கப்படாத, வெப்பத்தையும் காற்றிலுள்ள ஓசோனையும் தாங்கும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் உட்குழாய் செய்யப்படுகிறது. அதன்மேல் வலுவான செயற்கை இழைகளாலான பின்னல் இரண்டு அடுக்குகளாகச் சுற்றப்பட்டு, அவற்றின்மேல் மீண்டும் ரப்பர் உறை போர்த்தப்படுகிறது. அழுத்தத்தைத் தாங்குவது பெரும்பாலும் இந்த இழைப் பின்னல்தான். வெளியுறையின் வேலை கல், மண், தண்ணீர், வெயில் ஆகியவற்றை வெளியே நிறுத்துவது.

ரப்பர் ஹோஸின்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, பெடலை அழுத்தும்போது அது சிறிது உப்புகிறது என்பதாகும். அமெரிக்காவில் பிரேக் ஹோஸ்களுக்கான அரசுத் தரவிதியான எஃப்எம்விஎஸ்எஸ் 106 இந்த உப்பலுக்கு எல்லை வகுத்து, ஹோஸ்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. 3 மி.மீ. அளவு உள்விட்டம் கொண்ட ஒரு ஹோஸ், 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 69 பாரில், ஓர் அடி நீளத்துக்கு 0.66 கன சென்டிமீட்டர் வரை உப்பினால் அது சாதாரண வகை, 0.33க்குள் நின்றால் குறை உப்பல் வகை. ஹோஸின்மீது அச்சிடப்படும் எச்ஆர், எச்எல் என்னும் எழுத்துகள் இவ்விரண்டையும் குறிக்கின்றன. கடைக்குச் செல்பவர் ரப்பர் என்றாலே ஒரே தரம் என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இந்த எழுத்துகளே சான்று.

உப்பல் பெடலில் எப்படி வெளிப்படுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். நான்கு ஹோஸ்களும் கடும் பிரேக்கில் தலா 0.1 கன சென்டிமீட்டர் உப்புவதாகக் கொண்டால், மாஸ்டர் சிலிண்டர் கூடுதலாக அனுப்ப வேண்டிய நீர்மம் 0.4 கன சென்டிமீட்டர். 22 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 3.8 சதுர சென்டிமீட்டர் என்பதால், அது ஒரு மி.மீ. அளவுக்குக் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால், பாதம் ஐந்து மி.மீ.க்குச் சற்றுமேல் கூடுதலாக இறங்கும். நகரத்தில் அலுவலகத்துக்குச் சென்று திரும்புபவர் இந்த ஐந்து மி.மீ.யை ஒருபோதும் உணரமாட்டார். வளைவுக்கு வளைவு டயரின் பிடிப்பு முறியும் விளிம்பிலேயே பிரேக்கை நிறுத்திவைக்கும் ஓட்டுநருக்கோ அது பெரிய தொலைவு. ஏனெனில் அவர் பெடலின் ஆழத்தைவிட, பாதத்தின்மீது திரும்பிவரும் எதிர்விசையைக் கொண்டே பிரேக்கை அளக்கிறார். குழாய் உப்பும் அளவுக்கு அந்த எதிர்விசை தாமதமாகவும் மங்கலாகவும் வந்து சேர்கிறது.

எஃகுப் பின்னல் ஹோஸ் தருவது இந்தத் தெளிவைத்தான். நிற்கும் தூரத்தைக் குறைப்பது அதன் வேலை அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் விற்பனை விளம்பரங்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்புகின்றன. கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில் வேகம் குறைந்தால் ஏறத்தாழ 39 மீட்டரில் நிற்கும். சக்கரங்களை இறுகப் பூட்டும் அளவுக்கு, அல்லது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கருவியைச் செயல்பட வைக்கும் அளவுக்கு, ரப்பர் ஹோஸாலேயே அழுத்தத்தைக் கொண்டுசெல்ல முடிகிறது என்றால், எஃகு ஹோஸ் அந்த 39 மீட்டரைக் குறைக்க வழியே இல்லை. முழு அழுத்தம் சக்கரத்தை எட்டும் நேரத்தில் நொடியின் நூறில் இரு பங்கு மிச்சமாவதாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 27.8 மீட்டர் செல்லும் காரில் அது அரை மீட்டருக்குச் சற்றுமேல்தான். பந்தயத்தில் அதற்கும் மதிப்புண்டு. ஆனால் நிற்கும் தூரத்தைக் குறைக்க விரும்புகிறவர் நல்ல டயருக்குச் செலவிடும் பணம் அதைவிடப் பன்மடங்கு பலன் தரும்.

இதை ஒரு குறிப்பிட்ட காரைக் கொண்டு பார்ப்பது நல்லது. மாஸ்தா நிறுவனம் 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, ஒரு டன்னுக்கும் குறைவான எடையும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட, இருவர் அமரும் சிறிய திறந்த கார். 1997 வரை தயாரான அதன் முதல் தலைமுறையைப் பழையதாக வாங்கிச் சீர்படுத்துவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் முதலில் மாற்ற நினைப்பவற்றுள் பிரேக் ஹோஸும் ஒன்று. மாற்றிய பின் பெடல் கல்லைப்போல் உறுதியாகிவிட்டது என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. எனினும் அந்த ஒப்பீட்டில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. முப்பது ஆண்டு முதிர்ந்த ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டுப் புத்தம்புதிய எஃகு ஹோஸைப் போட்டு, அத்துடன் பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றி, குழாய்களில் தங்கியிருந்த காற்றுக் குமிழிகளையும் முழுக்க வெளியேற்றிவிட்டுப் பார்க்கும்போது, மூன்று மாற்றங்களின் பலனும் ஒன்றின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. நீர்மம் அழுத்தத்துக்கு எளிதில் சுருங்காது. காற்றோ உடனே சுருங்கும். ஒரு சிறு குமிழி கொடுக்கும் நெகிழ்வு, நான்கு ரப்பர் ஹோஸ்களின் உப்பலையும் மிஞ்சிவிடக்கூடும். புதிய ரப்பர் ஹோஸையும் புதிய ஆயிலையும் போட்டுக் காற்றைச் சரியாக எடுத்திருந்தாலே அந்த உறுதியின் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்பதே நியாயமான முடிவு. இதைத் தவிர, மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்டுள்ள தகடு வளைவது, கேலிப்பர் விரிவது, சாய்வாகத் தேய்ந்த பேட் போன்றவையும் பெடலை மென்மையாக்கும். அவற்றுள் எதையும் ஹோஸ் குணப்படுத்தாது.

பந்தயத் தடத்தில் சில சுற்றுகளுக்குப் பின் பெடல் பஞ்சுபோல் அமுங்குவதற்கு ரப்பரின்மீது பழிபோடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. சூடேறும்போது ரப்பர் இளகுவது உண்மையென்றாலும், அந்நிலைக்குப் பெரும்பாலும் காரணம் கொதித்த பிரேக் ஆயில். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டாலோ, ஆயிலுக்கான தரவிதி கோரும் அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், எஃகு ஹோஸ் பூட்டிய காரிலும் பெடல் தரையைத் தொடும். இவ்விடத்தில் உட்குழாயின் பொருள் மறைமுகமாகத் துணை செய்கிறது. எஃகுப் பின்னலுக்குள் இருப்பது டெஃப்லான் என்று பரவலாக அறியப்படும் பிடிஎஃப்இ. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலாளர் எதிர்பாராமல் கண்டறிந்த அப்பொருளை ஏறக்குறைய எந்த வேதிப்பொருளும் அரிப்பதில்லை. ரப்பரின் வழியாகக் காலப்போக்கில் ஈரம் ஊடுருவி ஆயிலில் கலக்கும். டெஃப்லானில் அந்த ஊடுருவல் மிகக் குறைவு. சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று நிறைந்த கடற்கரை நகரங்களில் இது கவனிக்கத்தக்க நன்மை. என்றாலும் ஆயில் தொட்டியின் மூடி வழியாகவும் ஈரம் நுழைவதால், குறித்த காலத்தில் ஆயிலை மாற்றும் கடமையிலிருந்து எந்த ஹோஸும் விடுதலை தராது.

இதுவரை சொன்னவை எஃகின் பக்கம் சாய்வதாகத் தோன்றலாம். ஆனால் தேர்வை உண்மையில் முடிவு செய்ய வேண்டியது பெடலின் உறுதியைவிட முக்கியமான ஒன்று: ஹோஸ் எப்படி முதுமையடைகிறது, அம்முதுமையை உரிமையாளரால் காண முடிகிறதா என்பது.

ரப்பர் ஹோஸ் பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருகிறது. வெளியுறையில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வளைக்கும்போது அவை வாய் திறக்கும். இணைப்பின் அருகே ஈரம் கசியும். ஒருவர் பெடலை மிதிக்க மற்றொருவர் பார்த்தால் பலவீனமான இடம் கொப்புளமாக எழும். தரவிதிப்படி ரப்பர் ஹோஸின் நெடுகிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கோடுகள் இடப்படுகின்றன. பொருத்தும்போது குழாய் முறுக்கிக்கொண்டால் கோடு சுருள்வதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். தயாரான தேதியும் அதன்மீதே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் ரப்பருக்கும் மறைவான நோய் ஒன்று உண்டு. உட்சுவர் வீங்கியோ உரிந்தோ துளையை அடைத்துவிட்டால், பெடலின் பெரிய அழுத்தம் ஆயிலை அத்தடையைத் தாண்டிக் கேலிப்பருக்குள் தள்ளிவிடும். பெடலை விட்ட பின் ஆயிலைத் திரும்ப அனுப்பும் விசை சிறிதளவே என்பதால் அது அங்கேயே தங்கிவிடும். அந்தச் சக்கரம் மட்டும் பிரேக்கைப் பிடித்தபடியே சுழன்று சூடேறும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். கேலிப்பரில் கோளாறு என்று எண்ணி அதை மாற்றியும் குறை தீராதபோதுதான் பல பட்டறைகள் ஹோஸைச் சந்தேகிக்கின்றன. பிரேக் ஆயில் தொட்டியில் தவறுதலாக எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெயை ஊற்றிவிட்டால், ஈபிடிஎம் ரப்பர் அதை உறிஞ்சி வீங்கிக் கெட்டுவிடும் என்பதும், பேட் மாற்றும்போது கழற்றிய கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் வழக்கம் உள்ளிழைகளை அறுக்கும் என்பதும் இத்துடன் சேர்த்து அறிய வேண்டியவை.

எஃகுப் பின்னல் ஹோஸ் இவ்வாறு வெளிப்படையாகப் பேசாது. கம்பிகளுக்கு இடையே புகும் நுண்மணல், ஹோஸ் ஒவ்வொரு முறை வளையும்போதும் டெஃப்லான் குழாயின் வெளிப்புறத்தைச் சிறிது சிறிதாக அராவுகிறது. அந்தத் தேய்மானத்தைப் பின்னல் முழுவதுமாக மறைத்துவிடுகிறது. டெஃப்லான் ரப்பரைப்போல் நெகிழ்வானதும் அன்று. குறுகிய வளைவில் மடிந்தால் அம்மடிப்பு நிலையான பலவீனமாகிவிடும். இதனாலேயே, பின்னலின்மேல் பாலியூரித்தேனோ வேறு பிளாஸ்டிக்கோ ஒளிபுகும் உறையாகப் பூசப்பட்ட ஹோஸ்களை மட்டும் சாலையில் ஓடும் கார்களுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறையில்லாத பின்னலுக்கு மற்றொரு தீய குணமும் உண்டு: எதன்மீது உரசுகிறதோ அதை அரம்போல் அறுக்கும். அலுமினியச் சக்கரத்தின் உட்புறம், சென்சார் கம்பி, வண்ணப்பூச்சு எதுவானாலும் விளைவு ஒன்றுதான்.

மிகக் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம், ஹோஸ் உலோக முனையோடு சேரும் விளிம்பு. வளையும் பகுதியும் வளையாப் பகுதியும் அங்கே சந்திப்பதால் அசைவின் சுமை முழுவதும் அந்தச் சில மி.மீ.களில் குவிகிறது. மேலே சொன்ன அமெரிக்கத் தரவிதி இதற்கெனச் சாட்டைச் சோதனை ஒன்றை வைத்துள்ளது: 235 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிரப்பிய ஹோஸின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை நிமிடத்துக்கு 800 சுற்றாக 35 மணி நேரம் இடைவிடாமல் சுழற்றுவார்கள், அதாவது 16 லட்சத்து 80 ஆயிரம் சுற்று முடியும்வரை அது கிழியக் கூடாது. இதே விதியின் வெடிப்புச் சோதனையில் 3 மி.மீ. ஹோஸ் 7,000 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 480 பார் வரை தாங்க வேண்டும். கடும் பிரேக்கில் கூடக் குழாயில் எழும் அழுத்தம் பொதுவாக நூறு பார் அளவைச் சுற்றியே இருப்பதால், வெடிப்புச் சோதனை எஃகுப் பின்னலுக்கு எளிது. அதற்குக் கடினமாக அமைந்தது சாட்டைச் சோதனையே. முனைக்கருகே வளைவைப் பரப்பிவிடும் பிளாஸ்டிக் கவசத்தாலும், காரின் உடலோடு பிணைக்கும் கூடுதல் தாங்கியாலும் தயாரிப்பாளர்கள் அதைக் கடக்கிறார்கள். எனவே பெட்டியோடு தாங்கி வந்தால், அது அலங்காரப் பொருள் அன்று. அதைப் பூட்டாமல் விட்டால் சோதனையில் தேறிய ஹோஸ் காரில் தேறாது.

சோதனையே செய்யாத, சான்று முத்திரையில்லாத எஃகு ஹோஸ்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதைவிடக் கார் நிறுவனத்தின் ரப்பர் ஹோஸை வாங்குவது எல்லா வகையிலும் மேல். ஜெர்மனியில் எஃகுப் பின்னல் ஹோஸ் பூட்டிச் சாலையில் ஓட்டுவதற்கு அந்த மாதிரிக்கென வழங்கப்பட்ட ஒப்புதல் ஆவணம் தேவைப்படுகிறது. அத்தகைய ஆவணமோ, மேலே சொன்ன அமெரிக்கத் தரவிதிக்கு இணங்குவதைக் குறிக்கும் டாட் முத்திரையோ உள்ள பொருளை மட்டும் கேட்டு வாங்குவது வேறு நாட்டவருக்கும் பொருந்தும் எளிய காப்பு. முனைகளின் அளவிலும் கவனம் தேவை. ஐரோப்பிய, ஜப்பானியக் கார்களில் பரவலான 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடை கொண்ட மரையும், அமெரிக்கக் கார்களில் வரும் எட்டில் மூன்று அங்குல மரையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்; ஒன்றுக்குள் மற்றொன்று சில சுற்று ஏறியும்விடும். குழாய் முனையை விரித்து அமைக்கும் கூம்பின் கோணமும் 37 டிகிரி, 45 டிகிரி என வேறுபடும். பொருந்தாத இணைப்பு பட்டறையில் கசியாமல் இருந்து, முதல் கடும் பிரேக்கில் கசியலாம்.

ஆகவே காரின் பெயரைவிட, அது எப்படி ஓடுகிறது, எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பவையே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். வார இறுதியில் மலைச்சாலையில் ஓட்டி, மற்ற நாள்களில் வீட்டில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறை உப்பல் வகைப் புதிய ரப்பர் ஹோஸே போதும். பல ஆண்டுகள் யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை என்னும் வீடுகளில் அதுவே பாதுகாப்பானதும் கூட. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. பந்தயத் தடம் போன்ற இடங்களுக்குக் காரை ஒழுங்காகக் கொண்டுசெல்பவர், ஒவ்வொரு முறையும் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவராக இருந்தால், உறை போர்த்திய, சான்றுபெற்ற எஃகுப் பின்னல் ஹோஸின் பலனை முழுமையாக அனுபவிப்பார்; அதை வாழ்நாள் பொருளாகக் கருதாமல் குறிப்பிட்ட காலத்தில் மாற்றவும் செய்வார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட காரை வாங்கியவர், எதைப் பூட்டுவது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டு பழைய ஹோஸோடு ஓட்டுவது மட்டும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கது அன்று.

எந்த ஹோஸாயினும், நான்கையும் ஒருசேர மாற்றி, கேலிப்பர் இணைப்பில் வரும் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மீண்டும் சரியாக அடைக்காது. பூட்டிய பின் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிய நிலையிலும் ஹோஸ் இழுபடவில்லை, முறுக்கவில்லை, எதிலும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். அதே சோதனையைச் சக்கரம் மேலே அமுங்கிய நிலையிலும் செய்ய வேண்டும். தொங்கும்போது விலகி நிற்கும் ஹோஸ், அமுங்கும்போது டயரைத் தொடுவது உண்டு. காற்றை எடுத்து முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுபலத்தோடு அரை நிமிடம் மிதித்துப் பிடிக்கையில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை காரைப் பட்டறையைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது.